தாமிரபரணிக்கு எது வலக்கரை

என் தங்கை படித்து ஆசிரியை ஆகியிருக்க வேண்டியவள். அவள் ஆகாமல் போனதற்குக் காரணம் நான். அவளுக்கு ஒரு தப்பான விடையைத் தெரிந்தே சொல்லிக்கொடுத்தேன். பிறகு சொல்லிக்கொடுக்கவில்லை என்று பொய் சொன்னேன். அதன்பின் முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பூகோளமும் சரித்திரமும் நடத்தி, நல்லாசிரியர் என்ற பெயரும் வாங்கினேன். இதைப் படிக்கும் என் பழைய மாணவர்கள் யாராவது இருந்தால், நான் போட்ட பிரம்படிகளை இப்போது என் கணக்கில் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில். அப்பா தாலுகா கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிலம் போன சைவக் குடும்பங்களுக்கு எஞ்சியிருந்த சொத்து தமிழும் குடுமியும். அப்பா இரண்டையும் எண்ணெய் தடவிப் பராமரித்தார். என்னை ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்கு, கிறிஸ்தவர்கள் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். தங்கையை அனுப்பவில்லை. அனுப்பினால் அவள் மதம் கெட்டுவிடும் என்றார். ஆண்பிள்ளையின் மதம் கொஞ்சம் கெட்டிச் சரக்கு என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆனால் அவளை முட்டாளாக வைத்திருக்கவும் அவருக்கு மனமில்லை. ஆகவே வீட்டிலேயே ஒரு கல்லூரி தொடங்கினார். காலையில் நிகண்டும் நீதி நூலும், மத்தியானம் கணக்கும் இலக்கணமும், விளக்கேற்றுவதற்கு முன்னால் பூகோளமும் சரித்திரமும். கடைசியாகச் சொன்ன இந்த இரண்டும் பழைய தமிழ்ப் படிப்பில் இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, "செய்யுள்ல எழுதிட்டா எல்லாம் பழசுதான்" என்றார். அப்படியே எழுதினார். ஐரோப்பாவின் தலைநகரங்கள் ஒரு வெண்பாவில் அடங்கின. கவர்னர் ஜெனரல்கள் பதவி ஏற்ற வரிசையில் ஓர் ஆசிரியப்பாவில் நின்றார்கள். மதுரைக்கு வடக்கே கால் வைக்காத மனிதர், சீர் குறையாமல் அமேசான் நதியைக் கடந்தார்.

சக்கரவர்த்தி டில்லிக்கு எழுந்தருளித் தலைநகரத்தைக் கல்கத்தாவிலிருந்து அங்கே மாற்றியபோது அப்பாவுக்கு ஏற்பட்ட வருத்தம் வங்காளிகளுக்குக்கூட ஏற்பட்டிருக்காது. அவருடைய செய்யுளில் 'கல்கத்தா' என்று இருந்தது. 'டில்லி' போட்டால் தளை தட்டியது. பத்து நாள் முயன்று பார்த்துவிட்டு, கல்கத்தாவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இந்தியாவில் எங்கள் வீட்டில் மட்டும் தலைநகரம் இன்னும் கொஞ்ச காலம் கல்கத்தாவிலேயே இருந்தது.

படித்ததைத் திரும்பச் சொல்வதற்கு வீட்டில் 'ஒப்பிப்பு' என்று பெயர். வீட்டின் நடுக்கூடமான பட்டாசாலையில் தேக்கு ஊஞ்சல். அப்பா அதில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். ஊஞ்சல் முன்னால் போகும்போது கேள்வி. பின்னால் போய்த் திரும்பி வருவதற்குள் விடை வர வேண்டும். வராவிட்டால் தப்பு. எதிர்ச் சுவரில் கச்சேரி ஏலத்தில் எடுத்த ஓர் உலகப்படம் தொங்கியது. அதில் ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியைச் செல் அரித்திருந்தது. வெள்ளைக்காரர்களும் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்பதால் பாடம் கெடவில்லை.

தங்கைக்குப் பதினாலு வயது. ஊஞ்சல் பாதி வழி திரும்புவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். எனக்குப் பதினேழு. பள்ளி இறுதித் தேர்வில் ஒரு முறை தோற்றுவிட்டு, அடுத்த முறைக்குத் தயாராகிக்கொண்டு வீட்டில் இருந்தேன். தோற்றது எதில் என்று கேட்டீர்களானால், பூகோளத்திலும் சரித்திரத்திலும்.

அப்பா வெளியூர் போகும் நாட்களில் ஒப்பிப்பு நடத்தும் பொறுப்பு என்னுடையது. ஊஞ்சலில் நான் உட்காருவேன், கேள்வி கேட்பேன், அவள் சொல்லுவாள், பிறகு என்னைத் திருத்துவாள்.

"போர்ச்சுகலுக்குத் தலைநகரம்?"

"லிஸ்பன்."

"தப்பு. மாட்ரிட்."

"அண்ணே, மாட்ரிட் அடுத்த வீடு. ஸ்பெயின்காரன் கேட்டா சண்டைக்கு வருவான்."

அடுக்களையிலிருந்து அம்மா சிரிப்பாள். ஒரு நாள் வெளியூரிலிருந்து திரும்பி வாசலில் ஏறிய அப்பா காதில் இது விழுந்துவிட்டது. "ஏலே, இந்தத் தடவை பரீட்சைக்கு ஒனக்குப் பதிலா இவளுக்குக் குடுமி வச்சு அனுப்பட்டுமா?" என்றார். தெருவில் போனவருக்கும் கேட்டிருக்கும். அன்று நான் சாப்பிடவில்லை என்று சொல்ல ஆசை. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் மறக்கவில்லை.

பாளையங்கோட்டையில் பெண்களை ஆசிரியைகளாகப் பழக்கும் பள்ளி ஒன்று இருந்தது. வீட்டில் படித்த பெண்களும் நுழைவுப் பரீட்சை எழுதிச் சேரலாம் என்று தங்கை எங்கேயோ தெரிந்துகொண்டு வந்தாள். அப்பாவிடம் கேட்டாள். அப்பா மூன்று நாள் பேசவில்லை. அதே சமயத்தில் அம்மாவின் அண்ணன், முக்கூடல் மாமா, திருச்செந்தூரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். மாமா பள்ளிக்கூட ஆய்வாளர்களின் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்காமல் அவரால் ஒரு வாய் காப்பி குடிக்க முடியாது. நாலாம் நாள் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"சித்திரைல மாமா வருவாக. ஊஞ்சல்ல அவுக உக்காரட்டும். பூகோளம், சரித்திரம் ரெண்டுலயும் கேக்கட்டும். ஒரு தப்பு இல்லாமச் சொன்னியானா பரீட்சைக்கு மனுப் போடுதேன். ஒண்ணு தப்பினாலும் திருச்செந்தூர்தான். சம்மதமாட்டி?"

"சம்மதம்பா" என்றாள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். முறத்தின் தாளம் மாறவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஆற்றுக்கும் அப்பா ஒரு செய்யுள் செய்திருந்தார். அதில் இரண்டு அடி:

மணியும் பச்சையும் வலக்கரை சேரும்
கடனையும் சிற்றும் இடக்கரை கூடும்

மணிமுத்தாறும் பச்சையாறும் தாமிரபரணியின் வலக்கரையில் சேர்கின்றன. கடனா நதியும் சிற்றாறும் இடக்கரையில். இது சரி. ஓர் ஆற்றின் வலம் இடம் பார்ப்பதற்குப் பூகோளத்தில் ஒரு முறை உண்டு: ஆறு ஓடும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். தாமிரபரணி கிழக்கே ஓடுவதால் தென்கரை வலக்கரை.

ஆனால் எங்கள் ஊரில் ஆற்றை அந்தப் பக்கம் பார்த்து எவர் நிற்கிறார்? நதியில் முழுகுகிறவர் நீர் வரும் திசையைப் பார்த்து நின்று முழுக வேண்டும் என்பது வழக்கம். நடை பழகியது முதல் குறுக்குத்துறையில் மேற்கே பார்த்து, வருகிற தண்ணீருக்கு முகம் காட்டித்தான் நின்றிருக்கிறோம். அப்படி நின்றால் வடகரை வலது கைப்பக்கம் வரும். எல்லாம் தலைகீழ். நான் படித்த வகுப்பில் ஆற்றங்கரைப் பையன்கள் அத்தனை பேரும் இந்தக் கேள்விக்குத் தலைகீழாக எழுதினோம். வாத்தியார் வரிசையாக நிறுத்தி அடித்தார். "பூகோளம் படிக்க வந்தீங்களா, குளிக்க வந்தீங்களாலே?" என்று ஓர் அடிக்கு ஒரு தடவை கேட்டார். பள்ளிக்கூடத்தில் நான் சந்தேகமறக் கற்றுக்கொண்ட விஷயம் இது ஒன்றுதான்.

பங்குனி மாதம் ஒரு காலை, அதே துறையில் அம்மாவும் தங்கையும் குளித்து முடித்துப் படியேறி வந்தார்கள். அம்மா கோயிலுக்குள் போனாள். தங்கை ஈரத் தலையோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அப்பா பாட்டுல ஒரு தப்பு இருக்கோ?"

"என்னது?"

"மணிமுத்தாறு தெக்கேருந்துதான வருது? தண்ணில நிக்கையில தெக்கு எடக்கைப் பக்கம்லா இருக்கு. அப்பா வலக்கரைங்காகளே. வலக்கரைன்னா எங்கன நின்னு பாக்கணும்?"

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. விடை இருந்த புத்தகம் ஆங்கிலப் புத்தகம். அது என் மேஜையில் இருந்தது. அவள் தோளைத் தொட்டுக் கிழக்கே திருப்பி, "இங்கன நின்னு பாரு" என்று சொன்னால் போதும். மூன்று சொல்.

நான் சொன்னேன்: "நீ நின்னு பாத்ததுதான் சரி. அப்பா அவசரத்துல மாத்தி எழுதிட்டாக. ரெண்டு வார்த்தையும் ஒரே அளவா, தளை தட்டலை, அதான் அவுகளுக்குத் தெரியலை."

"அப்ப அப்பாகிட்டச் சொல்லிருவமா?"

"எதுக்கு? வருத்தப்படுவாக. நீ மனசுக்குள்ள மாத்தி வச்சுக்க. மாமா கேட்டாச் சரியாச் சொல்லு. மாமாவுக்குத் தெரியும். மெச்சுவாக."

அவள் நம்பினாள். எனக்கு எதுவுமே தெரியாது என்று தினமும் நிரூபித்தவள், இந்த ஒன்றில் மட்டும் என்னை நம்பினாள். என் அறிவுக்கு அவள் கொடுத்த ஒரே மரியாதை அது.

சித்திரையில் மாமா வந்தார். இலை போட்டுச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஊஞ்சலில் ஏறினார். அப்பா கீழே ஜமுக்காளத்தில். நான் தூணில் சாய்ந்து நின்றேன். ஒரு மணி நேரம் நடந்தது. மாமா பாபரில் தொடங்கி மொகலாயரை இறக்கிக்கொண்டு வந்தார். அவள் ஒருவரையும் கீழே விடாமல் பிடித்தாள். பிளாசி, வந்தவாசி, பாளையக்காரர்கள். பிறகு ஐரோப்பா முழுவதும். இந்தியாவின் தலைநகரம் எது என்றார். அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்ப டில்லி, மாமா. எங்க வீட்டுல கல்கத்தா" என்றாள். மாமா ஊஞ்சலை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார், அது அவர் முகத்தில் தெரிந்தது.

மாமா கேள்விக்காகக் கையில் வைத்திருந்த புத்தகத்தை மூடினார். "போதும் மாப்ளே. எனக்கு அடுத்த கேள்வி தெரியலை. சரி, கடேசியா நம்ம ஆத்துல ஒண்ணு கேட்டு முடிச்சுக்கிடுதேன். ஏட்டி, மணிமுத்தாறு எந்தக் கரைல சேருது?"

"இடக்கரை."

ஊஞ்சல் போய் வந்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லுட்டி" என்றார் மாமா. பாவம், அவருக்கே மனமில்லை.

"இடக்கரைதான் மாமா. தண்ணில நின்னு பாருங்க. தெக்கு எடக்கைப் பக்கம்லா வருது?"

"குளிக்கதுக்கும் பூகோளத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? ஆறு போற பக்கம் பாத்துல்லா நிக்கணும்."

அவள் திகைத்துப்போனாள். என் பக்கம் திரும்பினாள். "அண்ணன்தான் சொல்லிச்சு. அப்பா மாத்தி எழுதிட்டாக, நான் பாத்ததுதான் சரின்னு சொல்லிச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ சொன்னியாலே?"

"இல்லப்பா. அவளாச் சொல்லுதா."

இந்தப் பதில் வருவதற்குள் ஊஞ்சல் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்காது. ஒப்பிப்பில் நான் அவ்வளவு விரைவாகப் பதில் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அப்பா கோபப்படவில்லை. தப்பு விடைக்கு அல்ல, தப்பை அண்ணன் தலையில் போட்டதற்குத்தான் அவர் முகம் விழுந்தது. "தோத்தது குத்தமில்ல. பொய் சொல்லுதது எங்கருந்து வந்துது?" என்று அவளிடம் கேட்டார். முதல் முறையாக ஒரு கேள்விக்கு ஊஞ்சல் திரும்பியும் பதில் வரவில்லை.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் திருச்செந்தூரில் கோயில் பக்கம் யாத்திரிகர்களுக்குச் சமைத்துப்போட்டு இடமும் கொடுக்கிற குடும்பம், நல்ல மனிதர்கள். கொண்டுபோய் விட நான் வில்வண்டியில் முன்னால் உட்கார்ந்து போனேன். வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது, பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"அண்ணே, இப்ப எந்தக் கரைக்குப் போறோம்?"

"வலக்கரைக்கு" என்றேன்.

"ம்" என்றாள்.

அடுத்த முறை நான் தேறினேன். பூகோளத்தில் நல்ல மதிப்பெண். அவளோடு உட்கார்ந்து கேட்ட ஒப்பிப்பு எல்லாம் என் தலையில் தங்கியிருந்தது. அவள் விதைத்ததை நான் அறுத்தேன். கல்லூரி, பயிற்சி, பிறகு பாளையங்கோட்டையில் பூகோள வாத்தியார். தினமும் காலையில் இடக்கரையிலிருந்து வலக்கரைக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு, மாலையில் இடக்கரைக்குத் திரும்பினேன். மனசாட்சி இருந்ததா என்றால், இருந்தது. அதற்கு ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். அவள் எல்லாம் சரியாகச் சொல்லியிருந்தாலும் அப்பா அனுப்பியிருக்க மாட்டார், அந்தப் பரீட்சையே ஒரு கண்துடைப்பு என்பது அந்தச் சமாதானம். ஐந்தாறு ஆண்டு அதன்மேல் சுகமாகப் படுத்துத் தூங்கினேன்.

அப்பா காலமானார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தபின் அவருடைய கைப்பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்தப் பள்ளிக்கூடத்தின் மனுத்தாள். தங்கையின் பெயர், வயது, படித்த பாடங்கள் எல்லாம் அப்பாவின் முத்து முத்தான எழுத்தில். தகப்பனார் கையெழுத்து என்ற இடத்தில் கையெழுத்தும் இருந்தது. தேதி மட்டும் எழுதவில்லை. மாமா வருவதற்கு முன்பே நிரப்பி வைத்திருக்கிறார். ஜெயித்த நாளின் தேதியைப் போட இடம் விட்டிருக்கிறார்.

நான் அதை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் போனேன். சஷ்டிக் கூட்டம். தங்கை பெரிய அண்டாவில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒன்று, காலடியில் ஒன்று, இரண்டு பெண்குழந்தைகள்.

"வாங்க வாத்தியாரே" என்றாள்.

தாளைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள். "அப்பாவுக்கு 'ழ' எப்பவும் வாலு நீளம்" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்தே சொன்னது, ஏன் சொன்னது, பிறகு இல்லை என்றது.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"மாமா ஊருக்குப் புறப்படையில கேட்டேன். ஒம் மேசைலேருந்த புஸ்தகத்தையே தொறந்து, தமிழ்ல படிச்சுச் சொன்னாக. அந்த வரிக்குக் கீழ நீ செவப்பு மசில கோடு போட்டிருந்தே. நல்லா அழுத்திப் போட்டிருந்தே."

"அப்பவே அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"பொய்க்காரின்னு பேரு வந்தாச்சு. இனிமே நான் சொன்னா எந்தக் கரைல சேரும்?" அண்டாவை ஒரு சுற்றுக் கிண்டினாள். "இப்ப நான் என்ன செய்யணும்ங்கே? பரீட்சைக்குப் போறேன்னா நீ வந்து இதைக் கிண்டுதியா?"

கிண்டுகிறேன் என்றேன். அவள் கணவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அவ போறேன்னா போட்டும் அத்தான். நம்ம புள்ளைகளை எங்கம்மை பாத்துக்கிடுவா" என்றார். என்னைவிட எவ்வளவோ நல்ல மனிதர்.

பள்ளிக்கு எழுதினேன். பதில் வந்தது: கணவர் உள்ள பெண்களைச் சேர்ப்பதில்லை, கன்னியரும் விதவையரும் மட்டுமே சேரலாம். அதைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய்த் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "கேட்டீகளா? நீங்க போய்ச் சேந்தா எனக்கு எடம் உண்டாம்" என்று கணவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். "அத்தானுக்காக வேண்டி அதையும் செஞ்சிருவோம்" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். மாமியார் வாயில் துணியை வைத்துக்கொண்டு, சாமி படத்துக்கு விளக்கேற்ற ஓடினாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

புறப்படும்போது அவள் ஒன்று கேட்டாள். "மாமா முன்னால சொல்லு. அன்னைக்கு இருந்தவுகள்ல அப்பா போயாச்சு. மாமா இருக்காக. எல்லாரும் இருக்கையில சொல்லு."

அடுத்த தை மாதம் மாமாவின் கடைசி மகளுக்கு முக்கூடலில் கல்யாணம். சொந்தம் அத்தனையும் பந்தலில். தாலி கட்டி முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். வகுப்பறையில் பேசிப் பழகிய குரல். கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். சொன்னேன். தங்கை பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றேன்.

மாமாவுக்கு அப்போது காது மந்தம். பக்கத்திலிருந்தவர் காதில் கத்தி விளக்கினார். கேட்டு முடித்துவிட்டு மாமா தலையை ஆட்டினார்.

"அது சரி மருமவனே. இப்பமாவது எந்தக் கரைன்னு தெரியுமா?"

பந்தலே சிரித்தது. சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஐந்தாறு ஆண்டுப் பாவத்தைக் கொண்டுபோய் இறக்கினேன். அவர்கள் அதைப் பந்தி நகைச்சுவையாகப் பரிமாறிக்கொண்டார்கள். அன்று முதல் சொந்தத்தில் எனக்கு 'வலக்கரை' என்று பெயர். என் மனைவியை 'வலக்கரை பெண்டாட்டி' என்றார்கள். தங்கை சிரித்தாளா என்று பார்த்தேன். அவள் பெண்கள் வரிசையில், மூத்த மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஆனால் மாமாவின் மனைவி எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அவள் இரண்டு மகள்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். யாரும் ஊஞ்சலில் உட்கார்ந்து கேள்வி கேட்கவில்லை. மூத்தவள் ஆசிரியையானாள். அதில் என் பங்கு ஒன்றுமில்லை. இதைச் சொல்லாவிட்டால் நீங்கள் எனக்கு அந்தப் பெருமையையும் கொடுத்துவிடுவீர்கள்.

முக்கூடல் கல்யாணத்துக்குப் பின் தங்கை எனக்குக் கார்டு போடத் தொடங்கினாள். அதற்கு முன்னால் போட்டதே இல்லை. எல்லாரும் சௌக்கியம், மழை உண்டா, உன் முழங்கால் வலி எப்படி, அவ்வளவுதான். முகவரியில் மட்டும் என் பெயர், தெரு, அதன் கீழே ஒரு வரி: 'தாமிரபரணி இடக்கரை, திருநெல்வேலி.' இத்தனை ஆண்டுகளில் ஒரு கார்டிலும் அந்த வரி விடுபட்டதில்லை. அது மன்னிப்பா தண்டனையா என்று நான் கேட்டதுமில்லை.

சென்ற மாதம் தபால்காரர் புதிதாக ஒருவர் வந்தார். சின்ன வயது. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்த இடக்கரைங்கது எந்தத் தெரு? எங்க லிஸ்ட்டுல இல்லியே."

"தெரு இல்ல. ஆத்துக்கு இடது கரை. நம்ம டவுணு இடக்கரைலதான இருக்கு."

அவர் வாசலில் நின்றபடியே, மனசில் ஆற்றை வைத்துக்கொண்டு, மேற்கே பார்த்துத் திரும்பினார். வலது கையை நீட்டிப் பார்த்தார்.

"இல்லியே அண்ணாச்சி. குளிக்கையில நின்னு பாத்தா நம்ம ஊரு வலக்கரைல்லா வருது?"

நான் கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுப் படியிறங்கினேன். அவருடைய இரண்டு தோளையும் பிடித்து, கிழக்கே பார்க்கத் திருப்பி நிறுத்தினேன்.